வந்து சேர எத்தனை நாள்?

1989இல் துபாயில் இறங்கிய என்னைத் திகைக்க வைத்தது அரபி அல்ல, இந்தி. நான்கு அரபுச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வேலைத்தளத்தில் ஃபோர்மேன் முதல் டீக்கடைக்காரர் வரை பேசியதோ இந்தியும் மலையாளமும்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. இரவில் சோற்றுக்குப் பதில் குபூஸ். ரமலான் பகலில் வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் அறையில் இருந்த கீழக்கரைப் பெரியவர். “இந்தியைக் கத்துக்க தம்பி, பாதி அழுகை நின்னுடும்” என்பார்.

தேராவில் ஓர் அறை, எட்டுக் கட்டில். வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வரமாட்டார். கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான் கடிதம் வரும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவேன். பதில் கேசட்டில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் கோழி கொக்கரிக்கும், உப்பு விற்பவர் கூவிக்கொண்டு போவார். எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிறகு அடுத்த கேசட் வரும்வரை ஊரிலிருந்து சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில்தான் நான் துபாயில் வாழத் தொடங்கினேன். அப்ரா படகில் ஓடையைக் கடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தே இந்தி பழகினேன்.

என் அண்ணன் மகன் 2023இல் அதே துபாய்க்குப் போனான். 2009இல் வந்த மெட்ரோ, 2022இல் சனி ஞாயிறுக்கு மாறிய வார விடுமுறை, கோடையில் பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி, எல்லாவற்றையும் யூடியூபில் பார்த்துவிட்டே விமானம் ஏறினான். “எதுவும் புதுசா தெரியல சித்தப்பா” என்றான் முதல் வாரம். மூன்றாம் மாதம் நள்ளிரவில் அழைத்தான். தூக்கம் வரவில்லையாம், யாரோடும் பேசப் பிடிக்கவில்லையாம்.

கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் இதைத்தான் சொன்னார். புது ஊர் முதலில் இனிக்கும், பிறகுதான் நோய்போலப் பிடிக்கும். அந்த ஊர் மொழியைக் கற்று, மனிதர்களோடு பழகுவதே மருந்து.

அண்ணன் மகன் அறையில் ஆறு பேர், ஆறு ஹெட்போன். மகள் குப்புற விழுந்ததையும், கோயில் கொடையையும், வேலித் தகராறையும் அவன் அந்தந்த நொடியே பார்க்கிறான். உடம்பு துபாயில் இருக்கிறது. மனசு இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை. பக்கத்துக் கட்டில் நேபாளியின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை.

கைபேசியை நான் பழிக்க மாட்டேன். 1992இல் அப்பா இறந்த செய்தி எனக்கு வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அந்த வேதனை அவனுக்கு வேண்டாம். ஆனால், “வீட்டுக்கென்று ராத்திரி ஒரு மணி நேரம் வை. மிச்ச நேரத்தில் அந்த நேபாளியோடு சேர்ந்து சமை” என்றேன்.

போன வாரம் அழைத்தான். பின்னால் குக்கர் விசில் கேட்டது. “இருங்க சித்தப்பா, ஒருத்தர் பேசணுமாம்” என்று போனைக் கைமாற்றினான். தயங்கித் தயங்கி, பழக்கமில்லாத நாக்கில் ஒரு குரல் கேட்டது: “சாப்டாச்சா?”