ஆடி மாதத்தில் கேட்கும் கல்லூரிப் பணம்

கரிசல் பூமியில் மானாவாரி செய்கிறவர் வீட்டில் பணம் புழங்கும் மாதங்கள் மூன்றுக்கு மேல் இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளமும் உளுந்தும் தை, மாசியில் வீடு வந்து சேரும். பருத்தி பங்குனி வரை கைகொடுக்கும். உரக்கடைப் பாக்கி, கூட்டுறவுச் சங்கக் கடன், பங்குனிப் பொங்கல் செலவு எல்லாம் கழிந்தபின் சித்திரையில் மிஞ்சுவது கோடை உழவுக்கான டிராக்டர் வாடகைதான். ஆனியிலும் ஆடியிலும் கையில் ஒன்றும் இராது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி பணம் கேட்பது அந்த ஆடி மாதத்தில்தான்.

இந்தப் பகுதியில் பயிர்ப் பிரச்சினைகளைப் பற்றி எழுதுவதே வழக்கம். ஆயினும் ஆலங்குளம் வட்டாரத்தில் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று, வெம்பக்கோட்டை அருகே அரசு சிமெண்ட் ஆலை உள்ள நம் ஆலங்குளம்) எந்தப் பயிற்சிக்குப் போனாலும், படைப்புழுவுக்கு மருந்து கேட்டு முடித்தவுடன் விவசாயிகள் அடுத்து கேட்கும் கேள்வி பிள்ளையின் படிப்பைப் பற்றியதாக இருக்கிறது. கேள்வி நியாயமானது. ஒரு குடும்பம் இருபது ஆண்டில் செய்யும் மிகப் பெரிய முதலீடு கிணறும் அல்ல, டிராக்டரும் அல்ல. பிள்ளையின் கல்லூரிப் படிப்புதான். அதற்கும் ஒரு சாகுபடித் திட்டம் வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் நுழைந்த நாள் முதல் இன்றைய மாணவர்களுக்கு வேறு நினைவே இல்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, போன ஆண்டு கட்-ஆஃப் எவ்வளவு என்பதே பேச்சு. அண்மையில் ஒரு பயிற்சி முகாமில் ஐந்து ஏக்கர் மானாவாரிக்காரர் ஒருவர், பிளஸ் டூ படிக்கும் தன் மகளின் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினார். "ராத்திரி பூராம் இதுலதான் சார் எழுதிக்கிட்டே இருக்கா. பாடம்னு நெனச்சேன். பாத்தா எல்லாம் காலேஜ் பேரா இருக்கு" என்றார். முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகளை அந்தப் பெண் வரிசையாக எழுதி, எதிரே கட்-ஆஃப், விடுதிக் கட்டணம், பஸ் மாற வேண்டிய ஊர் வரை குறித்திருந்தாள். எந்த அதிகாரியும் பாராட்டும் பட்டியல் அது. ஆனால் அப்பாவின் நகைக்கடன் எப்போது முடிகிறது என்பது அந்த நோட்டில் இல்லை. அவரைக் கேட்டேன். அவருக்கோ, கலந்தாய்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு திட்டங்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. அந்த நோட்டின் பின்பக்கத்தில் வீட்டு வரவு செலவை மாதவாரியாக இருவரும் சேர்ந்து எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை என்பதால், மற்றவர்களுக்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே தருகிறேன்.

பள்ளியை மாற்றுமுன்

முதலில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, பெரும் பணம் கட்டித் தனியார் உண்டு உறைவிடப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கும் பழக்கம் நம் பகுதியிலும் பரவி வருகிறது. இதில் இழப்பு என்ன என்பதைப் பலர் கணக்கிடுவதில்லை.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் தனிச் சட்டத்தின் மூலம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு வருடம் பள்ளி மாறினால் இந்த உரிமை போய்விடும்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த உதவித்தொகை உண்டு. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது அவசியம்.

விருதுநகர் மாவட்டம் 2018-ல் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது. அதற்கு முன்பும் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்த மாவட்டம் இது. இங்குள்ள அரசுப் பள்ளியை விட்டு ஓட வேண்டிய அவசியம் என்ன என்பது என் கேள்வி.

ஒரே பயிரை நம்புகிறோமா?

பருத்திக்குள் உளுந்தை ஊடுபயிராகப் போடும் விவசாயிக்கு அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மழை பின்னால் ஏமாற்றினாலும் 70 நாளில் உளுந்தாவது வீட்டுக்கு வரும். இதே விவசாயி பிள்ளையின் படிப்பில் மட்டும் ஒரே பயிரை நம்பி உட்கார்ந்துவிடுகிறார். "டாக்டர் சீட்டு, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்பது பிள்ளையின் பிடிவாதமாகவும் இருக்கிறது, சில வீடுகளில் தந்தையின் பிடிவாதமாகவும் இருக்கிறது.

ஒவ்வொரு படிப்புக்கும் அளவுகோல் வேறு. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 2007 சேர்க்கை முதல் இல்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை போடுகிறது. மருத்துவத்துக்கு மட்டும் நீட் தேர்வு. 180 கேள்வி, 720 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும். ஆகவே நீட் ஒன்றையே படித்து பிளஸ் டூ பாடத்தைக் கைவிட்ட மாணவன் இரண்டு கதவையும் மூடிக்கொள்கிறான்.

நீட்டை மறுபடி எழுதலாமா என்று கேட்கிறார்கள். முதல் முறை சீட்டுக்குப் பக்கத்தில் வந்த பிள்ளைக்கு ஒரு வருடம் கொடுக்கலாம். வெகுதூரத்தில் நின்ற பிள்ளைக்காக ஆண்டுக்கணக்கில் பயிற்சிக் கட்டணம் கட்டுவது, களர் நிலத்தில் திரும்பத் திரும்ப விதைப்பது போன்றதே. கடுமையான பேச்சு என்று சிலர் வருந்தக்கூடும். மூன்றாவது ஆண்டில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் வருந்த மாட்டார்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது இரண்டு, மூன்று கல்லூரியை மட்டும் எழுதிவிட்டுச் சீட்டுக் கிடைக்கவில்லை என்பவர்கள் உண்டு. அதிகம் எழுதுவதால் நட்டமில்லை. ஆனால் உண்மையில் விரும்பும் வரிசைப்படி எழுத வேண்டும். மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரிகளையும் அலட்சியம் செய்ய வேண்டாம். சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை, விருதுநகர் எல்லா ஊர்களிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் பட்டம் பெற்று அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போனவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு.

கன்னி ஆடு கட்டும் கட்டணம்

இனி பணத்துக்கு வருவோம். தை மாதத்து வருமானத்தை ஆடி மாதம் வரை கொண்டு போய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் பிரச்சினை.

மக்காச்சோளத்தைக் களத்திலேயே வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடாமல், நன்கு காயவைத்து அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். விவசாயிக்கு 180 நாள் வரை தவணை உண்டு. மாசியில் வைத்த மூட்டையை ஆடியில் விற்க இது இடம் தருகிறது. அவசரச் செலவைக் கடன் பார்த்துக்கொள்ளும், மீதி கல்லூரிக்கு. விலை ஏறும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் மாசியில் மொத்தப் பணமும் கைக்கு வந்தால் அது ஆடி வரை நிற்காது என்பது மட்டும் உறுதி.

இதைவிட எனக்குப் பிடித்த வழி வெள்ளாடு. விருதுநகர், சாத்தூர் பகுதிக்கே உரிய கன்னி ஆடு நம் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். இரட்டைக் குட்டி ஈனுவது சாதாரணம். சித்திரை, வைகாசியில் சினைக்கு விட்டால் ஐந்து மாதச் சினைக்காலம் முடிந்து புரட்டாசி, ஐப்பசியில் குட்டி விழும். மழைக்குப்பின் வரப்பெல்லாம் பசும்புல் நிற்கும் காலம் அது. தாய்க்குப் பால் குறையாது. அந்தக் கிடாய்க் குட்டிகள் அடுத்த ஆடியில் எட்டு முதல் பதினோரு மாத வயதில் விற்பனைக்குத் தயாராக நிற்கும். ஆடி மாதக் கோயில் கொடைகளில் கிடாய்க்கு இருக்கும் கிராக்கியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது நான்கு பெட்டை ஆடு வாங்கி விட்டால், பிளஸ் டூ முடிக்கும்போது கட்டணத்துக்கான கிடாய்கள் பட்டியில் நிற்கும். குட்டிகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதையும், ஆட்டுக்கொல்லி நோய்க்கும் மழைக்கு முன்னர் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடுவதையும் விட்டுவிடலாகாது. பட்டியில் நோய் புகுந்தால் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்து போய்விடும்.

இன்னும் முன்னதாகத் தொடங்க முடிந்தவர்களுக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு இருக்கிறது. மாதம் 100 ரூபாய் முதல் கட்டலாம். ஐந்து ஆண்டுத் திட்டம். எட்டாம் வகுப்பு ஜூன் மாதத்தில் தொடங்கினால் பிளஸ் டூ முடித்த ஜூனில் முதிர்வடையும். மாதாமாதம் வருமானம் இல்லாதவர்கள் அறுவடைக் காலத்தில் ஆறு மாதத்துக்கோ பன்னிரண்டு மாதத்துக்கோ முன்கூட்டியே செலுத்தலாம். அதற்குத் தள்ளுபடியும் உண்டு.

நிலத்தை அடகு வைக்குமுன்

கந்து வட்டிக்கும் நில அடமானத்துக்கும் போகுமுன் வங்கியைக் கேட்க வேண்டும். நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடோ வெளியார் ஜாமீனோ தேவையில்லை என்பது வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டம். பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

பணம் போதாதபோது நம் பகுதியில் எளிதாகத் தென்படும் வழி பட்டாசு ஆலை. பரீட்சை முடிந்த விடுமுறையில் இரண்டு மாதம் போய்வரட்டும் என்று அனுப்புகிறார்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களை வெடிமருந்து வேலையில் வைப்பது சட்டப்படி குற்றம். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளையை மருந்து அறைப் பக்கம் அனுப்பவே கூடாது. கிடாயை விற்கலாம், கம்மலை அடகு வைக்கலாம், ஒரு வருடம் கழித்துக்கூடச் சேர்க்கலாம்.

வேளாண்மைப் படிப்பு

நான் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவன் என்பதால் இதைத்தான் பரிந்துரைப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எல்லா விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் இது ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவம் கிடைக்காததால் மனமில்லாமல் வந்து சேரும் மாணவர்களை வகுப்பில் பார்க்கிறோம். அவர்களுக்கும் சுகமில்லை, எங்களுக்கும் சுகமில்லை. அரசு வேளாண்மை அலுவலர் பணியிடங்களுக்குப் போட்டி மிகக் கடுமை. வங்கி, விதை நிறுவனம், காப்பீடு ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு.

விருப்பத்தோடு வருகிறவர்களுக்கு நம் தென்மாவட்டங்களில் மதுரை வேளாண்மைக் கல்லூரியும் (1965), கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியும் (1984) அரசுக் கல்லூரிகளாக உள்ளன. தோட்டக்கலைக்குப் பெரியகுளம். பட்டப் படிப்புக்கு மதிப்பெண் எட்டாதவர்கள் இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பை நினைவில் கொள்ளலாம். புதிதாக உரக்கடை, பூச்சிமருந்துக் கடை உரிமம் கேட்போருக்கு இப்போது உரிய படிப்புத் தகுதி வேண்டியிருக்கிறது. வேளாண்மைப் பட்டயம் அதற்கு உதவும். பள்ளியில் வேளாண் தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்குப் பட்டப் படிப்பில் தனி ஒதுக்கீடும் உண்டு.

தை மாதமே வாங்க வேண்டிய சான்றுகள்

முடிவு வந்தபின் மே மாதத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும். ஆகவே சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை அறுவடை முடிந்த கையோடு விண்ணப்பித்து வாங்கி வைக்க வேண்டும். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று தனியாக வாங்க வேண்டும். தொழிற்கல்வியில் கட்டணச் சலுகைக்கு அது தேவை. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இச்சலுகை. பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியதற்காகக் கலந்தாய்வு நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

நஞ்சை இரண்டரை ஏக்கருக்குள் அல்லது புஞ்சை ஐந்து ஏக்கருக்குள் சொந்தமாகப் பயிர் செய்பவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினரானால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை உண்டு. அட்டை வைத்திருந்தும் இதைக் கேட்காதவர்கள் பலர். விண்ணப்பத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கவும். வேளாண்மைப் படிப்பு பற்றிய ஐயங்களுக்கு அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேலை நாளில் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் வரலாம். வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வரவும்.