ஈரம் காயும் நேரம்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், குளியலறையில் டைல்ஸ் இடுக்குகள் கறுக்கத் தொடங்கும். முதலில் பென்சில் முனையால் வைத்ததுபோல ஒன்றிரண்டு புள்ளிகள். இரண்டு வாரம் போவதற்குள் மூலை முழுக்கக் கறுப்புக் கோடு. கதவைத் திறந்தாலே, காயாத துணியை மூட்டை கட்டி வைத்ததுபோல ஒரு வாடை. "பாசி பிடிச்சிடுச்சு" என்று பிரஷ்ஷால் தேய்க்கிறோம். போகிறது; சில நாளில் அதே இடத்தில் திரும்பி வருகிறது.

உண்மையில் அது பாசி அல்ல. பாசிக்குப் பச்சையம் உண்டு, வெளிச்சம் வேண்டும்; கிணற்றடியிலும் மொட்டைமாடித் தொட்டி ஓரத்திலும் வளரும். வெளிச்சம் எட்டாத மூலையிலும் கறுப்பாகப் படர்வது பூஞ்சணம். ஈரக்கரண்டி பட்ட ஊறுகாயில் பூக்கும் பூசணத்துக்கு உறவு. கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவை குளியலறையில் அடிக்கடி குடியேறுகிறவை. பக்கெட் ஓரத்தில் வழவழவென்று படியும் இளஞ்சிவப்புப் படலம் வேறு. அது பெரும்பாலும் செர்ரேஷியா என்ற பாக்டீரியா. இரண்டையும் வாழ வைப்பது ஈரம்தான்.

ஆஸ்பர்ஜில்லஸுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் இத்தாலியத் தாவரவியலாளர் பியர் அன்டோனியோ மிக்கேலி. நுண்ணோக்கியில் அதன் தலைப்பகுதி, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவிபோலத் தெரிந்தது. அவர் 1729இல் வெளியிட்ட நூலில் அந்தக் கருவியின் பெயரையே அதற்கு வைத்தார். பூஞ்சண வித்துகளை முலாம்பழத் துண்டுகளின்மேல் வைத்தும் பார்த்தார். எதை விதைத்தாரோ அதுவே முளைத்தது. பூஞ்சணம் அழுக்கிலிருந்து தானாகத் தோன்றுவதில்லை, வித்திலிருந்தே வருகிறது என்பதற்கு அது ஒரு முன்னோடிச் சான்று.

அந்த வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. சில மைக்ரான் அளவே உள்ளவற்றை ஜன்னலைச் சாத்தித் தடுக்க முடியாது. அவற்றுக்கு வேண்டிய உணவும் சுவரிலேயே இருக்கிறது: சோப்புப் படிவு, நம் தோலின் செதில், எண்ணெய்ப் பிசுக்கு. வெப்பத்துக்கும் நம் ஊரில் குறைவில்லை. ஆக, நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் அறையில் சுவர் காய்வதற்குள் அடுத்த குளியல் வந்துவிடுகிறது. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

முன்பு பல வீடுகளில் குளிக்குமிடம் கொல்லையில் இருந்தது; வெயிலும் காற்றும் காயவைத்தன. இன்று அது படுக்கையறைக்குள் அடைபட்டிருக்கிறது. கீசர் வெந்நீரின் ஆவி, குளிர்ந்த கூரையிலும் சுவரிலும் பட்டுத் துளியாகிறது. டைல்ஸில் நீர் இறங்காது. ஆனால் இடுக்கில் பூசிய ஒயிட் சிமெண்ட் நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

குளித்து முடித்ததும் தரையை மட்டுமல்ல, சுவரையும் வைப்பரால் மேலிருந்து கீழாக வழியுங்கள். ஒரு நிமிட வேலை. சாக்கடைக்குள் போன தண்ணீர் காற்றில் ஆவியாகத் தேவையில்லை. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் மழை மாதங்களில் இதைவிட நல்ல வழி இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிக்கும்போதே போட்டு, முடிந்தபின்னும் 20 நிமிடமாவது ஓட விடுங்கள். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஃபேன் ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றைத் தள்ளினால் பூஞ்சணம் அங்கே குடியேறும். ஈரத் துண்டு, கால்மிதி, ஊறவைத்த துணி எதுவும் உள்ளே தங்க வேண்டாம்.

ஏற்கெனவே கறுத்துவிட்டதா? உலர்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் பறக்கும். முதலில் நனைத்து, சோப்புத்தூள் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கறையை வெளுக்கும். ஆனால் இடுக்கின் ஆழத்தில் இருக்கும் பூஞ்சண இழைகள் பிழைத்துக்கொள்ளலாம். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. எத்தனை முறை கழுவினாலும் ஒரே இடத்தில் கறை வந்தால், சுவருக்குள் குழாய் கசிகிறதா, மேல்வீட்டுத் தளத்தில் நீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டுப்போன இடுக்குகளைச் சுரண்டி எடுத்து, நீர் உறிஞ்சாத எபாக்ஸியால் நிரப்பலாம்.

இது அழகுக்காக மட்டும் அல்ல. வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுக் கோளாறுகளோடு தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் எச்சரித்திருக்கிறது. வீட்டில் மூச்சிரைப்புள்ள குழந்தை இருந்தால் அந்தக் கறுப்புக் கோட்டை அலட்சியம் செய்யக் கூடாது.

நாளைக் காலை, முதல் ஆள் குளிக்கப் போகும் முன் குளியலறைச் சுவரையும் மூலைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நேற்றைய ஈரம் எங்கே இன்னும் இருக்கிறதோ, பூஞ்சணம் அடுத்து வரப்போவது அங்கேதான்.