முதல்முறை அக்குபஞ்சர் போறீங்களா? மாத்திரையை நிறுத்தாதீங்க!

முதுகுவலி, ஒற்றைத் தலைவலி என்று முதன்முறையாக அக்குபஞ்சர் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஊசி ரொம்ப வலிக்குமா?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "இப்போ சாப்பிடுற மாத்திரையை என்ன பண்றது?" பதில் எளிது. மாத்திரை தந்த டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது.

ஊசி எப்படி இருக்கும்?

இது மருந்து ஏற்றும் ஊசி அல்ல. உள்ளே துளை கிடையாது. தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்தான். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிறகு அந்த இடம் கனமாகவோ மதமதப்பாகவோ தெரியலாம். பொதுவாக 20 முதல் 30 நிமிடம் வரை ஊசியை வைத்திருப்பார்கள். ஒரே தடவையில் முடிந்துவிடாது. சில வாரங்கள் தொடர்ந்து போக வேண்டியிருக்கும்.

எதற்கு உதவும்? எதற்கு உதவாது?

நாள்பட்ட வலி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றில் சிலருக்குப் பலன் கிடைக்கிறது. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2019-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனால் இன்சுலினுக்கோ, பி.பி., வலிப்பு மாத்திரைகளுக்கோ இது மாற்று ஆகாது. இன்சுலினையே நம்பி இருப்பவர் அதை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வரக்கூடும். "மருந்தெல்லாம் விஷம், தூக்கிப் போடுங்க" என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

போகும் முன்

• நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டுங்கள்.
• கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறை ஆகாது.
• வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரலாம். லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அங்கே போனதும்

• "என்ன படிச்சிருக்கீங்க, பதிவு எண் என்ன?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பான பி.என்.ஒய்.எஸ்.-ல் அக்குபஞ்சரும் ஒரு பாடம். குறுகிய காலப் பயிற்சி மட்டும் முடித்தவர்களும் சிகிச்சை தருகிறார்கள்.
• புது ஊசி பாக்கெட்டை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மறுபடி பயன்படுத்தினால் மஞ்சள்காமாலை பி, சி போன்ற கிருமிகள் தொற்றலாம்.
• எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு

குத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம், சின்ன கன்றிப்போன தழும்பு, கொஞ்சம் அசதி எல்லாம் சகஜம். நெஞ்சு, தோள், மேல்முதுகுப் பகுதியில் ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்க வேண்டாம். நுரையீரலில் ஊசி பட்டிருக்கலாம். இது அரிதுதான், ஆனாலும் அவசரம். உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

வலி குறைந்தால் நல்லதுதான். அந்தச் சந்தோஷத்தில் மாத்திரை டப்பாவை மூடி வைத்துவிடாதீர்கள். குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்; அவர் பரிசோதித்துப் பார்த்துச் சொல்லட்டும்.