ஓடும் காரில் ஜன்னலைத் திறப்பதா, குளிர்சாதனத்தை இயக்குவதா?

மே மாதத்து நண்பகலில், ராஜஸ்தானத்தின் ஜோத்பூரிலிருந்து பலோடிக்குச் செல்லும் சாலையில் கார் ஒன்று போய்க்கொண்டிருப்பதாகக் கொள்வோம். வெளியே வெப்பம் 44 டிகிரி செல்சியஸ். இருமருங்கிலும் மணல், நிழல் தரும் மரம் எப்போதோ ஒன்று. வண்டியிலுள்ள நால்வரில் இருவர், கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காற்றோட்டமாகப் போகலாம் என்கின்றனர். மற்ற இருவர், கண்ணாடிகளை ஏற்றிக் குளிர்சாதனத்தை இயக்கவேண்டும் என்கின்றனர். முதலிருவர் கூறும் காரணம் பெட்ரோல் சிக்கனம். மற்றவர் கூறும் காரணமும் பெட்ரோல் சிக்கனமே! திறந்த ஜன்னல் வண்டியின் ஓட்டத்துக்குத் தடையாகுமாதலின், குளிர்சாதனத்தைவிட அதுவே அதிகச் செலவு வைக்கும் என்பது அவர்கள் வாதம்.

கார் ஓடும் ஊரெல்லாம் கேட்கக்கூடிய வழக்கு இது. இரு கட்சியாரும் உண்மையில் ஒவ்வொரு பாதியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர். மறு பாதியைக் காண்பதற்குச் சிறிது கணக்குப் போடவேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களும் போடக்கூடிய கணக்குத்தான்.

காரின் குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று உள்ளேயுள்ள குழாய்ச் சுருளில் ஆவியாகும்போது, அதைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அவ்வாவியைக் கம்ப்ரஸர் அழுத்தி முன்புறத்துச் சுருளுக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. இச்சுழற்சியில் உழைப்பெல்லாம் கம்ப்ரஸருடையது. அதைச் சுற்றுவது எஞ்சினோடு பிணைந்த வார். காருக்குக் குளிர்சாதனம் பொருத்தி விற்கத் தொடங்கிய முதல் கம்பெனி அமெரிக்காவின் பாக்கார்டு. அது 1939ஆம் ஆண்டில். அந்நாளைய வண்டியில் குளிர்ச்சி போதுமென்று தோன்றினால், எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, வாரைக் கழற்றவேண்டியிருந்தது. இப்போது ஒரு பொத்தான் போதும். ஆனால் பொத்தானை அழுத்திய கணமே எஞ்சினின் தோளில் ஒரு சுமை ஏறுகிறது என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அச்சுமை எவ்வளவு? வண்டியின் அளவையும் வெயிலின் கடுமையையும் பொறுத்தது அது. கொதித்துக் கிடந்த வண்டியைக் குளிர்விக்கும் தொடக்க நிமிடங்களில் மிக அதிகமாகவும், உள்ளே குளிர்ந்தபின் குறைவாகவும் இருக்கும். சிறு காருக்குச் சராசரி ஒன்றரைக் கிலோவாட் எனக் கொள்வோம். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சினில் பயனுள்ள வேலையாக மாறுகிறது. ஆகவே, ஒன்றரைக் கிலோவாட் சுமையை ஒரு மணி நேரம் சுமப்பதற்குச் சுமார் அரை லிட்டர் பெட்ரோல் செலவாகும்.

இனி ஜன்னலின் பக்கம் வருவோம். ஓடும் வண்டி காற்றைப் பிளந்துகொண்டு செல்லவேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் போலப் பெருகும். அதாவது வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அத்தடையை எதிர்த்து ஓடத் தேவையான திறனோ எட்டு மடங்காகும். சாதாரணக் கார் ஒன்று 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது காற்றை எதிர்ப்பதற்கு அரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட திறன் போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கரைக் கிலோவாட்டை நெருங்குகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் எட்டரைக் கிலோவாட்டைத் தாண்டுகிறது.

கண்ணாடிகள் ஏற்றியிருக்கும்போது, காற்று வண்டியின் பக்கங்களை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. அவற்றை இறக்கியதும் அதில் ஒரு பகுதி உள்ளே புகுந்து, சுழன்று, பின்னிருக்கையில் மோதி, வந்த வழியே வெளியேற முயல்கிறது. அக்காற்றையெல்லாம் வண்டி தன்னோடு இழுத்துச் செல்லவேண்டியிருப்பதால் தடை கூடுகிறது. அதை நூற்றுக்குப் பத்துப் பங்கு என்று கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் திறந்த ஜன்னலின் சுமை வெறும் 55 வாட். வீட்டின் மின்விசிறி ஒன்றை ஓட்டுவதற்கு ஒப்பானது. 80இல் அது 440 வாட்டாகிறது. 120இல்தான் ஒன்றரைக் கிலோவாட்டை எட்டி, குளிர்சாதனத்துக்குச் சமமாகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். வழக்காடுவோர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். குளிர்சாதனம் மணிக்கணக்கில் கூலி வாங்குவது; ஜன்னல் வேகத்துக்கேற்பக் கூலி வாங்குவது. நெரிசல் மிகுந்த நகரத் தெருவில் மணிக்கு 20 கிலோமீட்டர் ஊர்ந்து செல்லும் காருக்கும், நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் பறந்து செல்லும் காருக்கும் குளிர்சாதனம் ஒரு மணிக்கு அதே அரை லிட்டரைத்தான் ஏறத்தாழ வாங்கிக்கொள்கிறது. முதல் கார் அந்த அரை லிட்டருக்கு 20 கிலோமீட்டர் சென்றது. இரண்டாவது 80 கிலோமீட்டர் சென்றது. நகரத்துக்குள் குளிர்சாதனத்தை இயக்கினால் லிட்டருக்கு ஓடும் தூரம் சட்டென விழுந்துவிடுகிறதே என்று வியப்போருக்கு விடை இதுவே. சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டி ஓர் அங்குலமும் நகராமல் இக்கூலியைச் செலுத்திக்கொண்டிருக்கிறது.

80 கிலோமீட்டருக்குக் கீழே ஜன்னல், மேலே குளிர்சாதனம் என்று ஒரு சூத்திரம் பலர் வாயிலும் வழங்குகிறது. மேற்கண்ட கணக்கில் எல்லை 120 என்றல்லவா வந்தது? கணக்கில் தவறில்லை; கொண்ட எண்கள் வேறு. ஜன்னலால் கூடும் தடையை நூற்றுக்கு இருபதாகவும், குளிர்சாதனத்தின் சுமையை ஒரு கிலோவாட்டாகவும் மாற்றிப் போட்டால், எல்லை 83க்கு இறங்கிவிடுகிறது. வண்டியின் வடிவம், திறந்த ஜன்னல்களின் எண்ணிக்கை, வெயில், இறுக மூடிய வண்டிக்குள் எத்தனை பேர் என்பன யாவும் அவ்வெல்லையை இங்குமங்கும் நகர்த்தும். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் கொடுத்து, மாணவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்களைக் கொண்டு எல்லையைக் காணச் செய்யலாம். ஒரே விடை வராத கணக்கும் உண்டென்று சிறுவர்கள் அறிவது நல்லது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தினர் இதைச் சாலையிலேயே சோதித்து, 2013ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். உயரமான பெருவண்டி ஒன்றையும் சாதாரணக் கார் ஒன்றையும், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் முதல் 129 கிலோமீட்டர் வரையுள்ள வேகங்களில் ஓட்டிப் பார்த்தனர். குளிர்சாதனத்தை முழு அளவில் இயக்கியபோது ஆன செலவு, ஜன்னல்களைத் திறந்தபோது ஆன செலவைவிடப் பொதுவாக அதிகமாகவே இருந்தது. சாதாரணக் காரில், மிக உயர்ந்த வேகங்களில்தான் இரண்டும் நெருங்கின. வழவழப்பான வடிவுள்ள வண்டிக்கே திறந்த ஜன்னல் அதிக நட்டம்; பெட்டி போன்ற வண்டி முன்னமே காற்றோடு மல்லாடிக்கொண்டிருப்பதால், ஜன்னல் திறப்பதால் அதற்குப் புதிதாக நேரும் கேடு குறைவு. நம் நாட்டு மாநிலச் சாலைகளிலும் கிராமச் சாலைகளிலும் கார்கள் செல்லும் வேகத்தில், எரிபொருளை மட்டும் கருதினால், ஜன்னற் கட்சியாரே வென்றவர்கள்.

ஆனால் எரிபொருளை மட்டும் கருதுவது சரியா? மனித உடலின் தோல் சுமார் 35 டிகிரி வெப்பமுடையது. அதனினும் குளிர்ந்த காற்று மேலே பட்டால் உடலின் வெப்பம் காற்றுக்குச் செல்லும். 44 டிகிரி காற்று பட்டால், காற்றின் வெப்பம் உடலுக்கு வரும். வேகமாக வீச வீச அதிகமாக வரும். அப்போது உடலைக் காப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. பாலைநிலத்து வறண்ட காற்றில் வியர்வை தோன்றிய உடனே உலர்ந்துவிடுவதால், பிரயாணி தாம் வியர்ப்பதையே உணர்வதில்லை. 'வியர்க்கவேயில்லை, காற்று நன்றாயிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே, குடித்த தண்ணீரையெல்லாம் இழந்துகொண்டிருப்பார்.

இதை வகுப்பில் காட்ட இரண்டு வெப்பமானிகளும் ஒரு மின்விசிறியும் போதும். ஒன்றின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றி, மற்றொன்றை உலர்ந்தபடியே விட்டு, இரண்டையும் விசிறியின் முன் வைக்கவேண்டும். உலர்ந்த வெப்பமானியில் மாற்றமிராது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை என்பது அதனால் விளங்கும். நனைந்தது மட்டும் இறங்கும். துணி உலர்ந்ததும் அதுவும் ஏறி மற்றதோடு சேர்ந்துவிடும். தண்ணீர் குடிக்காமல் அனற்காற்றில் செல்பவரின் நிலை அந்த உலர்ந்த துணியின் நிலையேயாகும். கடற்கரை ஊர்களில் தொல்லை வேறு விதமானது. அங்கே காற்று 35, 36 டிகிரியில் நின்றாலும் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஓடும் வண்டியின் காற்றோட்டம் அதை உலர்த்த உதவுமாதலால், திறந்த ஜன்னல் அங்கே உண்மையாகவே சுகம் தரும். வண்டி நின்றால் சுகமும் நின்றுவிடும்.

பலோடியில் 2016ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி 51 டிகிரி பதிவாயிற்று. சமவெளிகளில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டாலே அதை வெப்ப அலையென்று இந்திய வானிலைத் துறை கொள்கிறது. அத்தகைய நாட்களில் முதியோரையும், குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும் ஏற்றிச் செல்லும் வண்டியில் அரை லிட்டர் பெட்ரோலுக்காகக் கண்ணாடியை இறக்கி வைப்பது சிக்கனமாகாது.

நகரங்களில் புகையும் தூசியும் கணக்கில் சேருகின்றன. சென்னை உள்ளிட்ட உலகின் பத்து நகரங்களில் நடத்தி 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஜன்னலைத் திறந்து செல்வோரே நுண்துகள்களை மிகுதியாகச் சுவாசிப்பது தெரியவந்தது. ஜன்னலை மூடி, உள்ளிருக்கும் காற்றையே சுழலவிடுவதில்தான் அத்தொல்லை மிகக் குறைவு. உட்சுழற்சியில் எரிபொருளும் மிச்சமாகும். 44 டிகிரிக் காற்றைக் குளிர்விப்பதைக் காட்டிலும், முன்னமே 28 டிகிரிக்கு வந்துவிட்ட காற்றைக் குளிர்விப்பது எளிதல்லவா? எனினும் நால்வர் மூச்சுவிடும் மூடிய வண்டியில் கரியமில வாயு விரைவில் பெருகித் தூக்கக்கலக்கத்தைத் தரும். ஓட்டுநருக்கு அது ஆகாது. ஆகவே இடையிடையே வெளிக்காற்றை உள்ளே விடவேண்டும்.

வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறியவுடன் குளிர்சாதனத்தை முடுக்குவது பலரின் வழக்கம். அப்போது உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிடப் பலமடங்கு கொடுமையானது. முதலில் கண்ணாடிகளை இறக்கி, ஓரிரு நிமிடம் ஓட்டி, அச்சூட்டை வெளியேற்றியபின் குளிர்சாதனத்தை இயக்குவதே முறை. நிறுத்திய வண்டியின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 டிகிரி உயர்வதையும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழ்ந்துவிடுவதையும் 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினர். ஜன்னலைச் சிறு இடைவெளி திறந்து வைத்ததால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் விளையவில்லை. 'ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்' என்று குழந்தையைக் காரில் விட்டுக் கடைக்குள் நுழைவோர் அறியவேண்டிய செய்தி இது. பள்ளி வண்டிகளில், எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று பின்னிருக்கை வரை நடந்து பார்ப்பதும் இதனால்தான் கட்டாயமாகிறது.

மின்சாரக் கார்களிலும் கணக்கு மாறுவதில்லை. பெட்ரோலுக்குப் பதில் பாட்டரியிலுள்ள தூரம் குறையும், அவ்வளவே.

இவ்வளவு விவாதத்துக்கும் அப்பாற்பட்டு, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதிருந்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். நம் நாட்டு லாரிகள் பலவற்றில் எஞ்சின் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழேயே உள்ளது. கீழிருந்து எஞ்சின் வெப்பம், முன்கண்ணாடி வழியே வெயில், ஜன்னல் வழியே அனற்காற்று. இம்மூன்றுக்கும் நடுவே பத்து மணி நேரமும் அதற்கு மேலும் ஓட்டுவோர் உண்டு. சுமையேற்றிய லாரி வேகமாகச் செல்வதில்லையாதலால் ஜன்னல் வழியே வரும் காற்றும் அவர்களுக்குக் குறைவே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருந்தாகவேண்டும். லாரியின் எஞ்சினுக்கு இச்சுமை பெரிதன்று. அத்தேதிக்கு முன் தயாரான லாரிகளை இவ்விதி கட்டுப்படுத்தாது. அவை இன்னும் பல கோடைகள் சாலையில் ஓடும். அவற்றின் ஓட்டுநர்களுக்குத் திறந்த ஜன்னலும், கழுத்தில் நனைத்துப் போட்ட துண்டும், கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர்க் குடுவையுமே துணை.