ஒலியைப் பிடித்து வைக்கும் பெட்டி: வாங்கலாமா, வேண்டாமா?

மத்தளத்தைத் தட்டினால் மத்தளச் சத்தம் வரும். பியானோவை அழுத்தினால் பியானோ நாதம் வரும். ஆனால், தட்டினால் மத்தளமாகவும், அழுத்தினால் பியானோவாகவும், வேண்டுமானால் கதவு சாத்தும் ஓசையாகவும் ஒலிக்கும் வாத்தியம் ஒன்று உண்டு. அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. இரவல் குரலில்தான் அது பேசும். அதன் பெயர் சாம்ப்ளர்.

இது செய்யும் வித்தை எளியது. காதில் விழும் ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, அந்த அளவுகளை எண்களாக நினைவில் வைத்துக்கொள்கிறது. விசையைத் தட்டியதும் எண்கள் மீண்டும் ஒலியாகின்றன. எண்களை வேகமாகப் படித்தால் சுருதி ஏறும். மெதுவாகப் படித்தால் இறங்கும்.

இந்த வேலை முழுவதையும் இன்று சாதாரணக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. அப்படியிருக்க, தனிப் பெட்டிக்குப் பணம் செலவழிப்பது புத்திசாலித்தனமா? சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கும் இளம் இசைக்கலைஞனுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

வீட்டு விலையில் ஒரு வாத்தியம்!

1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் ‘ஃபேர்லைட்’ என்ற யந்திரத்தை வெளியிட்டார்கள். வீடு வாங்கும் பணம் இருந்தால்தான் அதை வாங்க முடியும். 1981-ல் அமெரிக்காவில் ‘எமுலேட்டர்’ வந்தது. 1984-ல் வந்த ‘மிராஜ்’ இரண்டாயிரம் டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. 1987-ல் ‘எஸ்.பி.1200’, 1988-ல் ஜப்பானின் அக்காய் கம்பெனிக்காக ராஜர் லின் வடிவமைத்த ‘எம்.பி.சி.60’ ஆகியவை வந்தன. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இசைக்கலைஞர்கள் இவற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பத்தே விநாடி

எஸ்.பி.1200-ன் நினைவில் மொத்தம் சுமார் பத்து விநாடி ஒலிதான் கொள்ளும். விநாடிக்கு 26,000 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 4,096 படிகள். இசைத் தகட்டிலோ 44,100 அளவுகள், 65,536 படிகள்!

பத்து விநாடிக்குள் ஒரு பாட்டை அடக்குவது எப்படி? கலைஞர்கள் ஒரு தந்திரம் கண்டார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு பெட்டிக்குள் சுருதியை இறக்கினார்கள். பத்து விநாடி இடத்தில் பதின்மூன்று விநாடிக்கு மேல் அடங்கியது. அதோடு ஒலியில் ஒரு முரட்டுத்தனமும் ஏறியது. குறையென்று கருதியிருக்க வேண்டிய அதையே ரசிகர்கள் ருசியென்று கொண்டாடினார்கள்!

பெட்டியின் முதல் சாதகம் இதுதான். இடம் குறைவு; ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தே ஆகவேண்டும். கம்ப்யூட்டரில் ஆயிரம் மத்தள ஒலிகள் காத்திருக்கும். அவற்றைக் கேட்டுப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும், பாட்டு பிறக்காது.

இரண்டாவது சாதகம், விரலுக்குக் கிடைக்கும் பதில். பெட்டியைத் தட்டியவுடன் ஒலி எழும். கம்ப்யூட்டரோ ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் வெளியே அனுப்பும். 1,024 அளவுகள் சேரும்வரை காத்திருந்தால், அதற்கே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். கேட்பவருக்குத் தெரியாவிட்டாலும், தாளம் போடுகிறவரின் கைக்குத் தெரியும். நல்ல கருவிகள் கொண்டு இதைக் குறைக்கலாம் என்பதும் உண்மையே.

மறுபக்கம்

இனி பாதகங்களைப் பார்ப்போம். பழைய பெட்டிகளில் மின்சாரம் நின்றால் நினைவும் போயிற்று; ஃப்ளாப்பி தகட்டில் பதிந்து வைக்காதவன் பாடு திண்டாட்டம்தான். அந்தத் தகடுகளை ஜப்பானில் விற்பதை சோனி கம்பெனி 2011-லேயே நிறுத்திவிட்டது. திரை மங்கும், விசை தேயும், உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டும். இவ்வளவு இருந்தும், பழம்பொருள் மோகத்தால் விலை மட்டும் இறங்குவதில்லை. புதிய பெட்டிகளில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. ஆனால் சின்னத் திரையும், ஒரே பொத்தானுக்குப் பல வேலைகளும் பலருக்குத் தலைவலி.

இன்னொரு சங்கடமும் உண்டு. சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ இசையமைப்பவரிடம், “போன மாதம் போட்டதில் புல்லாங்குழலை மட்டும் மாற்றுங்கள்” என்பார்கள். கம்ப்யூட்டரில் அது சில நிமிட வேலை. பெட்டியில் வேலை செய்தவர் வைத்த இடங்களையெல்லாம் தேடித் திரும்ப அமைக்க வேண்டும். 1998-ல் வந்த ‘கிகாசாம்ப்ளர்’ என்ற மென்பொருள், ஒலியை நேரே ஹார்ட் டிஸ்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தது. அதன் பிறகு ஸ்டூடியோக்களில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன.

ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. அடுத்தவர் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் அனுமதி வேண்டும். 1991-ல் பிஸ் மார்க்கி என்ற கலைஞரின் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் இதை ஓங்கி உரைத்தது.

யாருக்கு எது?

பெட்டி வாங்கினால் இசை தானாக வரும் என்று நம்புவது வீண். ஜே டில்லா என்ற கலைஞர் தாளத்தை இம்மி முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு புதுப் பாணியையே படைத்தார். 2006-ல் 32-வது வயதில் அவர் மறைந்தார். அவர் உபயோகித்த எம்.பி.சி. இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ரகப் பெட்டியை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தத் தாளம் பெட்டியோடு வருவதில்லை.

ஆகவே, கையில் கம்ப்யூட்டர் இருப்பவர் முதலில் அதனுடன் இணைக்கும் தட்டுப்பலகை ஒன்றை வாங்கிப் பழகலாம், செலவு குறைவு. பிறர் கேட்கும் மாறுதல்களைச் செய்து கொடுத்துப் பிழைப்பவருக்குக் கம்ப்யூட்டரே உற்ற துணை. மேடையில் வாசிப்பவரும், தொடங்கிய பாட்டை முடிக்க முடியாமல் தவிப்பவரும் பெட்டி வாங்கலாம். போட்ட பணம் வீண் போகாது. பழைய பெட்டியானால் ஒவ்வொரு விசையையும் தட்டிப் பார்த்து, தகடு பதிகிறதா, திரும்பப் படிக்கிறதா என்று சோதித்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.