வெங்காயமும் உத்தரவும்

உரித்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று வெங்காயத்தை ஏளனம் செய்வது நம்மவர் வழக்கம். உதவாக்கரையைத் திட்டுவதற்கும் அதன் பெயரைத்தான் இழுப்போம். டில்லிக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. 1998-ஆம் ஆண்டு டில்லி சட்டசபைத் தேர்தலில் மேடைக்கு மேடை முழங்கியது வெங்காய விலைதான். ஆண்டுகொண்டிருந்த பாரதிய ஜனதா தோற்றது. அதன் பிறகு எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, வெங்காய விலை ஏறினால் மந்திரிகளுக்குத் தூக்கம் வருவதில்லை.

சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயம் பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்துச் சரக்கு. ஊத்தப்பத்துக்கும் பிரியாணிக்கும் நறுக்குகிற பெரிய வெங்காயமோ, பல்லாரி என்று பேர் பெற்றிருந்தாலும், பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி ஏறி வருகிறது. ஆகவே நாசிக் ஜில்லா லாசல்காவ் மண்டியில் ஏலம் போகும் விலை கோயம்பேட்டிலும் எதிரொலிக்கிறது.

நாட்டின் வெங்காயத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ரபி விளைச்சல். அடுத்த அறுவடை அக்டோபர், நவம்பரில்தான். இடையிலுள்ள மாதங்களுக்கெல்லாம் அந்த ஒரே சரக்கைத்தான் நம்பியிருக்க வேண்டும். காற்றோட்டமான நீண்ட கொட்டகைகளில் விவசாயி அதைக் குவித்து வைக்கிறார். ஈரம் வற்றி எடை குறையும், சில அழுகும், சில முளைவிடும். நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இப்படிக் கழிந்துபோவதுண்டு. அந்த நஷ்டத்தையும் ஈடுகட்டும் விலை ஆகஸ்டு, செப்டம்பரில் கிடைக்கும் என்றுதான் அவர் காத்திருக்கிறார். சூதாட்டம்தான். ஆனால் அவர் காத்திராவிட்டால் செப்டம்பரில் நம் அடுப்பங்கரையில் வெங்காயம் இராது!

ஒரே வருஷத்தில்

2023-ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரியில் விலை அதலபாதாளத்துக்கு விழுந்தது. சோலாப்பூர் மண்டிக்கு 512 கிலோ கொண்டுபோன ஒரு விவசாயிக்குக் கிலோ ஒரு ரூபாய் விலை கிடைத்தது. லாரி வாடகை, சுமைக்கூலி, எடைக்கூலி எல்லாம் போக மிஞ்சியது 2 ரூபாய் 49 காசு. 2 ரூபாய்க்குச் 'செக்' கொடுத்தார்கள், அதுவும் பின்தேதியிட்டது. நெல்லுக்கும் கோதுமைக்கும் உள்ளதுபோல வெங்காயத்துக்குக் குறைந்தபட்ச ஆதார விலை கிடையாது. மகாராஷ்டிர அரசாங்கம் குவிண்டாலுக்கு 350 ரூபாய் உதவித்தொகை என்று அறிவித்தது. அதோடு சரி.

ஆகஸ்டில் விலை ஏறத் தொடங்கியதும் காரியங்கள் மடமடவென்று நடந்தன. 19-ந் தேதி மத்திய அரசாங்கம் ஏற்றுமதிக்கு 40 சதவிகிதத் தீர்வை போட்டது. கையிருப்புச் சரக்கு கிலோ 25 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அக்டோபர் கடைசியில், டன் 800 டாலருக்குக் குறைவாக வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்றார்கள். டிசம்பர் 8-ந் தேதி ஏற்றுமதிக்கே தடை வந்தது. தடை நீங்கியது 2024 மே 4-ந் தேதி. தீர்வை அடியோடு எடுபட்டது 2025 ஏப்ரல் 1-ந் தேதி.

மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத் தலைவிக்கு 25 ரூபாய் வெங்காயம் பெரிய ஆறுதல். அதைக் குறை கூறுவது நியாயமல்ல. ஆனால் கொட்டகையில் நாலு மாதம் காத்துக் கிடந்தவருக்கு அந்த ஆறுதலின் செலவைக் கட்டச் சொன்னது யார்? நாசிக் பக்கத்து மண்டிகளில் ஏலம் நின்றது. விவசாயிகள் சாலை மறித்தார்கள். நம் வெங்காயத்தை நம்பியிருந்த இலங்கை, மலேசியா போன்ற நாடுகளின் வியாபாரிகள் வேறு தேசத்துச் சரக்கைத் தேடிப் போனார்கள்.

ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று எல்லோரும் வாதாடவில்லை. இன்ன விலைக்கு மேல் போனால் இவ்வளவு தீர்வை என்று நடவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள் என்பது ஒரு யோசனை. ராவோடு ராவாக வரும் உத்தரவைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு வழி லாசல்காவிலேயே இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் 2002-ல் அங்கே ஒரு கூடம் அமைத்தார்கள். காமாக் கதிர் பட்ட வெங்காயம் முளைவிடாது. அழுகலுக்கு மட்டும் அது மருந்தல்ல. அதற்குக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும். அந்த வாடகையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஏற்றினால், பிப்ரவரி விலையில் விற்பவருக்குக் கட்டாது.