ஒலியும் விலையும் – 9: ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள மத்தூரிலும் அதைச் சுற்றிய போச்சம்பள்ளி வட்டாரத்து ஊர்களிலும் பாரதக் கூத்துக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டுகிறவர்கள், ஓர் ஆம்ப்ளிஃபையர் விடிய விடிய ஓடியும் சூடேறி நின்றுவிடாமல் தாங்குகிறதா என்பதைப் பார்த்தே அதை மதிப்பிடுகிறார்கள். ஓசூரைத் தாண்டிப் பெங்களூரின் காட்சியறைகளிலோ பல லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபையர்கள் அவற்றின் குரல்வளத்தைச் சொல்லி விற்கப்படுகின்றன. இவற்றுள் மைக் செட்காரரின் அளவுகோலே பொறியியலுக்கு நெருக்கமானது.

ஆம்ப்ளிஃபையரின் வேலை, கைபேசியோ சிடி பிளேயரோ தரும் சிறு மின்னலையை, அதன் வடிவம் மாறாமல், ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெரிதாக்குவதாகும். வடிவம் மாறினால் அது திரிபு எனப்படும். ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட நடுத்தர விலை ஆம்ப்ளிஃபையரிலேயே இத்திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழே நிற்க, அதே இசையைப் பாடும் ஸ்பீக்கரின் கூம்பு தாழ்ந்த சுரங்களில் எளிதாக ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுள் சற்றே உரக்க ஒலிப்பதைக் காது ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்வதால், ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்பதை மறைத்துச் செய்யும் சோதனையே நம்பத்தக்கது. அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரெவ்யூ’ இதழ் 1987இல் இவ்வாறு நடத்திய சோதனையில், இருநூற்றுச் சில்லறை டாலர் ரிசீவரையும் 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபையரையும் கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்பு பாப் கார்வர் என்னும் வடிவமைப்பாளர் செய்தது இன்னும் தெளிவானது. விலையுயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையருக்கும் தமது மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சும் வேறுபாடு ஏறக்குறைய மறையும்வரை அவர் தமது சுற்றைத் திருத்தினார்; ‘ஸ்டீரியோஃபைல்’ இதழின் ஆசிரியர்களால் அதன்பின் இரண்டையும் வேறுபடுத்த இயலவில்லை. ஆக, வேறுபாடு என ஒன்று இருந்தாலும் அது அளக்கத்தக்கது. அளக்கத்தக்கதை மலிவான கருவியிலும் கொண்டுவர முடிகிறது.

வாட் கணக்கிலும் மயக்கம் உண்டு. ஆற்றல் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு இருமடங்கு உரக்கத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வீட்டுக் கூடத்தில் சாதாரணமாகக் கேட்கையில் சராசரியாக ஒன்றிரண்டு வாட்டே செலவாகிறது. பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் ‘பிஎம்பிஓ’ வாட், கணநேர உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிய எண். தொடர்ந்து தரும் ஆற்றலைச் சொல்லும் ‘ஆர்எம்எஸ்’ வாட்டை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் எதற்குத்தான் கூடுதல் பணம்? மூடியைக் கழற்றினால் விடை தெரியும். கனமான டிரான்ஸ்ஃபார்மர், போதிய அளவு கெப்பாசிட்டர், மைக்கா தகடும் வெள்ளைப் பசையும் இட்டு அலுமினிய ஹீட் சிங்கில் இறுக்கித் திருகிய டிரான்சிஸ்டர்கள் ஆகியவையே ஆம்ப்ளிஃபையரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. டோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர்களுக்கும் சான்யோவின் எஸ்டிகே ஐசிகளுக்கும் சந்தையில் போலிகள் மலிந்திருப்பதால், அசல் பாகத்துக்குத் தரும் விலை வீணாகாது. பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும் ஊர்களில் டிரான்ஸ்ஃபார்மரின் தரம் இன்னும் முக்கியமாகிறது. மின்தடை இரண்டு ஓம் வரை சரியும் சில கடினமான ஸ்பீக்கர்களுக்கும் வலுவான ஆம்ப்ளிஃபையர் உண்மையிலேயே தேவை. வால்வு ஆம்ப்ளிஃபையரின் இனிமையை விரும்புவது தவறன்று. ஆனால் அது இசையைச் சிறிது மாற்றித் தரும் ஒரு சுவை, துல்லியத்தின் உச்சம் அன்று.

கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் எதிரொலிக்கும் வீட்டில் ஒரு லட்ச ரூபாய் செலவிட எண்ணுபவர், ஆம்ப்ளிஃபையருக்குக் கால்பங்கு கொடுத்தாலே போதும். மீதியை ஸ்பீக்கருக்கும், தடித்த திரைச்சீலைக்கும் கம்பளத்துக்கும் கொடுக்க வேண்டும்.